பின்னால் வராத செண்டர்

செண்டர் எங்கள் ஊருக்கு வந்த பிறகு இரண்டே முறைதான் பின்னால் வந்திருக்கிறார். முதல் முறையை ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்து நின்று பார்த்தன. இரண்டாவது முறையை நான் ஒருவன் மட்டும் பார்த்தேன். மற்ற நாளெல்லாம் அந்த மனிதர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். வீட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றாலும் முன்னால் போய்த்தான் திரும்புவார். பூமி உருண்டை என்று எல்லா வாத்தியார்களும் சொல்கிறார்கள். அதை நம்பி நடந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அது யுத்த காலம். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். பேனா பிடித்தவனெல்லாம் அங்கே ரைட்டர் என்பதால் எனக்கும் அதுவே பெயர். எங்கள் மானேஜருக்கு வாழ்க்கையில் இரண்டு கவலைகள். ஒன்று பஞ்சு விலை, இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கால்பந்து டீம். பஞ்சு விலையாவது சில மாதம் இறங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு ஊர். அந்த டீமில் பதினொரு பேரில் எட்டுப் பேர் வக்கீல் குமாஸ்தாக்கள். பாதி ஆட்டத்தைக் காலால் ஆடுவார்கள், மீதியை வாயால் ஆடுவார்கள். நாங்கள் கோல் போட்டால் ஆட்சேபணை தெரிவிப்பார்கள். அவர்கள் கோல் போட்டால், நாங்கள் என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் பந்தை நடுக்கோட்டில் வைத்துவிட்டு மேல் நடவடிக்கைக்குக் காத்திருப்பார்கள். ஒரு வருஷம் நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தபோது நாலு சொட்டு மழை விழுந்தது. உடனே ஆட்டத்துக்கு வாய்தா வாங்கிவிட்டார்கள். இப்படியாக வெள்ளிக் கோப்பை அந்த ஊரைவிட்டு நகர்ந்ததே இல்லை.

மானேஜர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து, கால்பந்தையே பிழைப்பாக வைத்திருந்த ஒருவரை வரவழைத்தார். மேளக்காரரை ஏற்பாடு செய்வது மாதிரி அவரை ஊர்க்காரர்கள் ஏற்பாடு செய்துகொண்டு போவார்களாம். இன்றைக்குத் தென்காசி, நாளைக்குச் சிவகாசி. ஆள் குள்ளம். கெண்டைக்கால் ஒவ்வொன்றும் ஊறுகாய் ஜாடி அளவு இருக்கும். ஒரு கையில் பந்தும் ஒரு கையில் தகரப் பெட்டியுமாக வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தால் உள்ளே இன்னொரு பந்து இருந்தது.

அவர் ஆடுகிற இடம் முன்வரிசையின் நடு, அதாவது செண்டர் பார்வேடு. பார்வேடு எங்கள் ஊர் வாயில் நுழையாமல் உதிர்ந்துபோய்ச் செண்டர் மட்டும் நின்றுவிட்டது. எங்கள் ஊர்த் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் அதற்கு விளக்கமும் சொன்னார். செண்டு என்றால் பந்து, ஆகவே செண்டர் என்றால் பந்தை உடையவர், சுத்தமான தமிழ், மரியாதை விகுதியும் சேர்ந்திருக்கிறது என்றார். அன்றுமுதல் யாரும் அவரைச் செண்டர் என்று கூப்பிடத் தயங்கவில்லை. அவருடைய ஞானஸ்நானப் பெயர் எனக்கே மறந்துவிட்டது.

பந்து உதைப்பதற்காக ஆள் எடுத்தோம் என்று மில் ரெஜிஸ்தரில் எழுத முடியாது. அதனால் அவரை நூல் நூற்கும் ரிங் பிரேம் பிரிவில் பதிலியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பதிலி என்றால் நிரந்தர ஆள் வராத நாளில் அவனுக்குப் பதிலாக நிற்கிறவன். நிரந்தர ஆளுக்கு நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. பதிலிக்குக் கிடையாது.

செண்டருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும் என்பதால் வேலை ஆர்டரைத் தமிழில் எழுதும்படி மானேஜர் என்னிடம் சொன்னார். எனக்கு வயது இருபத்திரண்டு. என் தமிழைப் பற்றி எனக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம் இருந்த வயது. எழுதிக் கொடுத்தேன். ஒரு வரி பிரமாதமாக வந்திருப்பதாக எனக்கே தோன்றியது. மானேஜர் வாசித்துப் பார்த்து, "பாக ராசாவு ரைட்டரூ," என்று, நன்றாக எழுதியிருப்பதாகத் தெலுங்கில் மெச்சிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்த வரி என்ன பாடு படுத்தியது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

ஒரு வாரத்துக்குள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. புது ஆள் வந்த வழியில் திரும்புவதில்லை. டீக்கடையைத் தாண்டிவிட்டால் தாண்டியதுதான். டீ வேண்டுமானால் பஜாரை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கடை முன்னால் வந்து நிற்பார். கடைக்காரர் அவர் தலையைக் கண்டதும் கிளாஸை நீட்டிக்கொண்டு ரோட்டுக்கே வர ஆரம்பித்தார். கடையைத் தாண்டவிட்டால் அடுத்த வியாபாரம் அரை மணி கழித்துத்தானே.

அப்போதெல்லாம் பெட்ரோல் பஞ்சம். பஸ்களின் முதுகில் கரி அடுப்பு கட்டி ஓட்டுவார்கள். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தால் செண்டர் கீழே இறங்கிவிடுவார். வண்டி நேரானதும் ஏறிக்கொள்வார். ரயிலில் இஞ்சினுக்கு முதுகு காட்டும் பெஞ்சியில் உட்கார மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நற்கருணை வாங்க முன்னால் போகிறவர், மற்றவர்களைப் போல வந்த வழியே இடத்துக்குத் திரும்பாமல், பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி, கோயிலைச் சுற்றிவந்து, தலைவாசல் வழியாக உள்ளே நுழைவார். முதல் வாரம் போதகர் யாரோ புது விசுவாசி என்று நினைத்து எழுந்து வரவேற்றாராம்.

மானேஜர் வீட்டில் ஒரு வெள்ளை நாய் இருந்தது. எங்கள் ஊர் நாய் என்றால் எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதைக் கண்டு ஓடாத தபால்காரர் இல்லை. செண்டர் ஒருநாள் கேட்டைத் திறந்ததும் அது பாய்ந்து வந்தது. அவர் பின்வாங்க வழியில்லாதவர், ஆகையால் அதை நோக்கி நடந்தார். மனிதன் எதிரே வருவதை அந்த நாய் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. யோசித்தது. பிறகு மானேஜருடைய சாய்வு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மானேஜருக்கு நாய் விஷயத்தில் வருத்தம், செண்டர் விஷயத்தில் பெருமை.

அந்தப் பெருமையில் மதுரையிலிருந்து பூட்ஸ் தருவித்துக் கொடுத்தார். செண்டர் அதைக் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போவார், சினிமாவுக்குப் போட்டுக்கொண்டு போவார். மைதானத்துக்கு வந்ததும் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார்.

"ஆடுறதுக்குத்தானே வாங்கினது?" என்றேன்.

"ஆடுனா தேஞ்சிரும்லா ரைட்டரே," என்றார்.

ஆட்டத்தைச் சொல்லாமல் ஆளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். செண்டரின் ஆட்டம் அபாரமானது. பந்து அவர் காலுக்கு வந்துவிட்டால் அது கோலுக்குப் போகும். ஆனால் எந்தக் கோலுக்கு என்பதில்தான் சிக்கல். தளவாய்புரத்துக்காரர்கள் மானேஜரிடம் கேட்டு ஒருநாள் அவரை இரவல் வாங்கிப் போனார்கள். முதல் பாதியில் கிழக்குக் கோலில் இரண்டு போட்டார். தளவாய்புரம் ஆரவாரித்தது. பாதி ஆட்டத்தில் டீம்கள் பக்கம் மாறுவது வழக்கம் அல்லவா? எல்லோரும் மாறினார்கள். செண்டர் மாறவில்லை. கிழக்கே போய்க்கொண்டிருந்தவர் கிழக்கேயே போய், சொந்த டீமின் கோலில் இரண்டு போட்டார். ஆட்டம் சரிசமம். எதிர் டீம்காரர்கள் மாலை போட்டுக் கறிசோறு போட்டு அனுப்பினார்கள். தளவாய்புரத்துக்காரர் ஒருவர் அவரை மில் வாசலில் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டு, "நல்லாத்தான் ஆடுதாரு. ரெண்டு பேருக்கும் ஆடுதாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு எங்கள் ரிங் பிரேம் மேஸ்திரி ஒரு மருந்து கண்டுபிடித்தார். மேஸ்திரியும் எங்கள் டீமில் ஆடுகிறவர், மில்லில் செண்டருக்கு மேலாள். பாதி ஆட்டம் ஆனதும் செண்டரைக் கோட்டுக்கு வெளியே அழைத்துப்போய், மைதானத்தை ஒரு பிரதட்சிணம் வைத்து, மறுமுனையைப் பார்க்க நிறுத்திவிடுவார். சுற்றி வந்தால் பின்னால் வந்ததில் சேர்த்தி இல்லையாம். கோல் போட்ட பிறகும் செண்டர் இப்படிச் சுற்றித்தான் நடுக்கோட்டுக்கு வருவார். இதனால் ஒரு ஆட்டம் இரண்டு ஆட்டத்துக்கான நேரம் எடுக்கும்.

மருந்தில்லாத வியாதி ஒன்று இருந்தது. முன்னால் போனவர் பின்னால் வராததால் எந்நேரமும் எதிர் டீமின் கோலைக் காக்கிற கோலி பக்கத்திலேயே நிற்பார். பந்து வரும்வரை இருவரும் குடும்ப விஷயம் பேசிக்கொண்டிருப்பார்கள். பந்து வந்ததும் செண்டர் உதைப்பார், கோல் விழும், விசில் ஊதும். ஆப் சைடு. கோலுக்கும் தனக்கும் நடுவில் எதிராளி இரண்டு பேராவது இல்லாத இடத்தில் நின்று பந்தை வாங்கினால் அது செல்லாது.

விசில் ஊதுகிறவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். மடவார் வளாகத்துப் பக்கம் வீடு. இரண்டு ஊருக்கும் அவர்தான் ரெபரி, ஏனென்றால் அவரைத் தவிர இரண்டு ஊராரும் ஒப்புக்கொள்கிற ஆள் கிடையாது. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று குமாஸ்தாக்களே குறைப்பட்டுக்கொள்வார்கள்.

இங்கே கொஞ்சம் மில் பாஷை தெரிய வேண்டும். ரிங் பிரேம் நீளமான மிஷின், இரண்டு பக்கமும் நூல் சுற்றும் கதிர்கள் ஓடும். ஒரு பக்கத்துக்குச் சைடு என்று பெயர். கைதேர்ந்தவனுக்கு இரண்டு சைடு கொடுப்பார்கள். கற்றுக்குட்டிக்கும், மேஸ்திரியை முறைத்தவனுக்கும் ஆப் சைடு, அதாவது அரை சைடு. ஆப் டிக்கெட், ஆப் டிராயர் மாதிரி. ஒருவனுக்கு அரை சைடு போட்டால் அவன் பெண்டாட்டி குழாயடிக்கு வர வெட்கப்படுவாள்.

செண்டர் வந்த பிறகு ராஜபாளையத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் டிரில் வாத்தியார் கையைத் தூக்கி, "ஆப் சைடு," என்றார். மில் தொழிலாளர் கூட்டம் அப்படியே எழுந்துவிட்டது. மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாத்தியார் முன்னால் போய் நின்றார்.

"எங்க ஆளுக்கு அரை சைடு போட நீங்க யாரு? அதுக்கு மேஸ்திரின்னு நான் ஒருத்தன் இருக்கேம்லா?"

"ரூல் அய்யா ரூல்," என்றார் வாத்தியார்.

"எந்த மில்லு ரூலு?"

அன்றைக்கு வாத்தியார் ஒன்பது முறை ஆப் சைடு கொடுத்தார். மறுநாள் காலை சங்கு ஊதியதும், மில்லுக்குள் அபூர்வமாகவே வருகிற செண்டர் குளித்து முடித்து வந்து, ஒரு ரிங் பிரேமின் பாதியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மேஸ்திரி என் மேஜைக்கு ஓடிவந்தார்.

"ரைட்டரே, ஒம்பது தடவை ஆப் சைடுன்னா நாலரை சைடு ஆகுது. ஒத்த ஆளு நாலரை சைடை எப்பிடி ஓட்டுவான்? அந்த வாத்தியாருக்கு மனுசத்தன்மையே இல்ல."

செண்டரையும் கூப்பிட்டு நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டுச் சங்கு ஊதிவிட்டது. இருவரும் தலையை ஆட்டினார்கள். இருவரும் நம்பவில்லை.

டிரில் வாத்தியார் விடவில்லை. இவ்வளவு நல்ல ஆட்டக்காரன் ரூல் தெரியாமல் வீணாகிறானே என்று அவருக்கு ஆதங்கம். சனிக்கிழமைதோறும் செண்டரை வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு தாம்பாளத்தில் பாடம் நடத்தினார். வற்றல் மிளகாய் கோலி, சின்ன வெங்காயம் கோலிக்கு முன்னால் காவல் நிற்கும் பேக்கு, பூண்டுப்பல் செண்டர். வெங்காயத்தைத் தாண்டிப் பூண்டு போகக்கூடாது. இந்தச் சாமான்களை அடுக்களையிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறவள் வாத்தியாரின் மகள் ரூபி. தையல் டீச்சராக இருந்தாள். ஆறு மாதப் பாடத்தில் செண்டருக்கு ஆப் சைடு பிடிபடவில்லை. ரூபியைப் பிடித்துப்போயிற்று. பூண்டுப்பல்லை எங்கே வைத்தாலும் அவர் கண் அடுக்களைப் பக்கமே போயிற்று.

ரூபிக்கும் மனமிருந்தது. ஆனால் விவரமான பெண். ஒருநாள் வாசலில் நின்று கேட்டாளாம்:

"நீங்க முன்னால போறது சரி. வீட்டுக்கு எப்பிடித் திரும்பி வருவிய?"

"சுத்தித்தான் வருவேன். ஆனா வந்துருவேன்," என்றாராம் செண்டர்.

அவளுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. அவள் அப்பாவுக்குப் போதவில்லை. "பதிலிக்குப் பொண்ணு குடுக்க முடியாது. இன்னொருத்தன் காய்ச்சலா படுத்தாத்தான் எம்மகளுக்குச் சோறுன்னா, நான் யாருக்குக் காய்ச்சல் வரணும்னு ஜெபம் பண்ணுறது? டோக்கனைக் கொண்டாந்து காட்டட்டும். பொறவு பேசுவோம்," என்றுவிட்டார்.

செண்டர் மானேஜரிடம் போய் டோக்கன் கேட்டார். மானேஜர் கோப்பை கேட்டார். இந்த வருஷம் கோப்பை வந்தால் டோக்கன், வராவிட்டால் ஊருக்கு ரயில் ஏறிவிட வேண்டியதுதான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். செண்டருக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. முட்டி இரண்டிலும் வலி. மில்லை விட்டால் இன்னும் எத்தனை ஊருக்குப் போய் உதைக்க முடியும்? எனக்கு அவரைவிட அதிகமாகத் தூக்கம் கெட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைசி ஆட்டம். மில் லாரியில் போய் இறங்கினோம். போன வருஷக் கோப்பை அவர்களிடம் இருப்பதால், ஆட்டம் சரிசமமாக முடிந்தால் கோப்பை அவர்களுக்கே. அதை அவர்கள் எழுத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். எங்களுக்கு ஒரு கோல் தேவை.

முதல் பாதியில் செண்டர் ஒரு கோல் போட்டார். வலை கிழிகிற கோல். ரூபி பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டாள். டிரில் வாத்தியார் ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார். அந்தக் கோலை ஒப்புக்கொண்டால் டோக்கன், டோக்கன் வந்தால் மகளுக்குக் கல்யாணம். அவருக்கு அது தெரியாமலா? விசிலை எடுத்து ஊதினார்.

"ஆப் சைடு."

ரூபி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் கூட்டம், "மாமனாரே மருமகனுக்கு அரை சைடு போட்டுட்டாருலே," என்று தலையில் அடித்துக்கொண்டது.

பாதி ஆட்டத்தில் நான் டீமுக்கு ஆரஞ்சுப் பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி பொறுமையிழந்து கேட்டார்: "யோவ் செண்டரு, ஒரே ஒரு எட்டு பின்னால வந்தா உனக்கு என்னய்யா கொறஞ்சா போயிரும்?"

"வேலை போயிரும்," என்றார் செண்டர்.

"யார் சொன்னது?" என்றேன் நான்.

"நீங்கதான் ரைட்டரே."

டிராயர் இடுப்பிலிருந்து மெழுகுச்சீலையில் சுற்றிய ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் பஞ்சாகியிருந்தது. என் கையெழுத்து. 'ரிங் பிரேம் பதிலியான மேற்படியாரைக் கால்பந்து அணியில் பார்வேடாக, அதாவது முன்வைத்த காலைப் பின்வைக்காத ஆட்டக்காரராக, நியமித்திருக்கிறோம். மேற்கண்ட நிபந்தனையை மீறினால் வேலையிலிருந்து உடனே நீக்கப்படுவார்.' இரண்டாவது வாக்கியம் நான் எல்லா ஆர்டரிலும் எழுதுவது. முதல் வாக்கியம்தான் என் பிரமாதமான வரி.

டீக்கடைச் சுற்று, கோயில் சுற்று, தளவாய்புரம் எல்லாம் கண்முன் வந்தன. ஊரே கிறுக்கு என்று சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

"செண்டர், அது சும்மா எழுதினது. ஒரு அழகுக்கு."

"ஆபீசுல சும்மா எழுதுவாங்களா?" என்று என்னை நம்பாமல் பார்த்தார். "எத்தனையோ ஊருக்கு ஆடியிருக்கேன் ரைட்டரே. வா, ஆடு, போன்னுதான் சொல்லியிருக்காக. எவனும் எனக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்ததில்ல. இது ஒண்ணுதான். இதுல போட்டிருக்கபடிதான் நடந்துக்கிட்டு வாரேன்."

வாயால் சொல்லி இவரை மாற்ற முடியாது என்று புரிந்தது. பேனாவை எடுத்தேன். மேஸ்திரி குனிந்து முதுகைக் கொடுத்தார். ஆர்டரின் அடியில், 'அவசியம் ஏற்பட்டால் ஒரே ஒரு எட்டு பின்வைக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மானேஜர் இருபது அடி தூரத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்தால் முதலில் என் வேலைதான் போகும்.

செண்டர் வாங்கிப் பார்த்தார். "சீல் இல்லையே," என்றார்.

அறுத்த ஆரஞ்சுப் பழத்தின் பாதியில் பேனா மையைக் கொட்டிக் காகிதத்தில் ஒற்றினேன். வட்டமாக, ஆரம் ஆரமாக, பார்க்க ஏதோ சர்க்கார் முத்திரை மாதிரியே விழுந்தது. செண்டர் அதை ஊதி உலர்த்தி, மறுபடி மெழுகுச்சீலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதி முழுவதும் அவர் அந்த ஒரு எட்டைச் செலவழிக்கவில்லை. கோலி பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். கிடைத்தது ஒன்றுதான், அதைக் கண்ட நேரத்தில் போட்டுவிடலாமா? வாத்தியார் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மானேஜர் குடையை மடக்கிவிட்டார். அப்போது மேஸ்திரிக்கு நடுக்கோட்டருகே பந்து கிடைத்தது. அவர் உதைக்கக் காலை ஓங்கினார்.

செண்டர் ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

அந்த ஒரு எட்டில், பக்கத்தில் நின்ற குமாஸ்தா டீமின் பேக்கு அவருக்கு முன்னால் போய்விட்டார், கோலியோடு சேர்த்து இரண்டு பேர் ஆயிற்று. பந்து உயர்ந்து வந்தது. பழக்கதோஷத்தில் குமாஸ்தா டீமில் பதினொரு பேரும் ஆட்டத்தை நிறுத்திக் கையைத் தூக்கி, "ஆப் சைடு," என்றார்கள். கோலி இரண்டு கையையும் தூக்கியிருந்தார். செண்டர் அவருக்குக் கீழே பந்தைச் செருகினார். எல்லோரும் விசிலுக்குக் காத்திருந்தார்கள். விசில் வாத்தியாரின் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கோல்," என்றார் வாத்தியார்.

குமாஸ்தாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அவரு எப்பவுமே ஆப் சைடு. முன்தீர்ப்பு இருக்கு, வழக்கம் இருக்கு," என்றார் ஒருவர். இன்னொருவர், "உங்க மருமகனாகப் போறவரு. நீங்க தீர்ப்புச் சொல்லக்கூடாது," என்றார்.

வாத்தியார் அமைதியாகச் சொன்னார்: "முத கோலை இல்லைன்னு சொன்னதும் நான்தான். அப்ப யாரும் உறவுமுறை பேசலையே. அவன் பின்னால வந்தான். எங்கண்ணால பாத்தேன். இனிமே பாக்கப்போறதில்ல."

குமாஸ்தாக்கள் மேல் ஆட்சேபணை எழுப்பாமல் மைதானத்தைவிட்டு நடந்ததை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

மானேஜர் மறுநாள் தன் கையாலேயே டோக்கனைக் கொடுத்தார். செண்டர் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். வாத்தியார் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பல்லால் கடித்துப் பார்த்து, சம்மதித்தார்.

கல்யாணத்தில் ஒரு சின்னக் குழப்பம் நடந்தது. தாலி கட்டியானதும், பூவோடு தலைவாசலில் காத்திருந்தோம். மாப்பிள்ளையும் பெண்ணும் வரவில்லை. அனுமதி கொடுத்த ஒரு எட்டுதான் செலவாகிவிட்டதே. அவர் ரூபியைக் கையைப் பிடித்துப் பக்கத்துக் கதவு வழியாக அழைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பட்டுச்சேலையோடு ரூபியும் சிரித்துக்கொண்டே சுற்றினாள். பழைய பழக்கத்தில் டிரில் வாத்தியார் கோட்டுப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார்.

முட்டி கைவிட்ட பிறகு செண்டர் நிஜமாகவே ரிங் பிரேமுக்கு வந்தார். மற்றவர்கள் ஒரு சைடில் அந்தக் கோடி போய் வந்த வழியே திரும்புவார்கள். இவர் மிஷினையே சுற்றி வருவார். ஒரு சைடு கொடுத்தால் அறுந்த நூலை இரண்டு சைடிலும் முடிந்துவிடுவார். இப்படி ஒரு ஆளைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றார் மேஸ்திரி. நான் ஆர்டரைத் திருத்தி எழுதித் தருகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் ரைட்டரே, பழகிப்போச்சு," என்பார்.

யுத்தம் முடிந்த பிறகு எனக்குச் சென்னையில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைத்தது. என் பிரமாதமான வரிகளுக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆள் இருந்தார்கள். செண்டர் ஸ்டேஷனுக்கு வந்தார். ரூபி கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இஞ்சினைப் பாத்து உக்காருங்க," என்று புத்தி சொன்னார். "போயிட்டு வாங்க."

பிறகு பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்து, சரிவில் இறங்கி மறைந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அதை அவரிடம் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனாலும் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

கார்டு விசில் ஊதினார். அப்போது பிளாட்பாரக் கோடியில் அந்தக் குட்டை உருவம் மறுபடி தெரிந்தது. சுற்றி வரவில்லை. போன வழியிலேயே, முட்டிவலியோடு, மூட்டை முடிச்சுகளைத் தாண்டிக்கொண்டு வேகமாக வந்தார். என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன செண்டர், எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்ல ரைட்டரே." மூச்சு வாங்கினார். "சும்மாதான்."

ரயில் நகர்ந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு எட்டுக்குத்தான். அவர் பிளாட்பாரம் முழுக்கப் பின்னால் வந்திருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் ஏதேதோ காரியமாக என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். சும்மா என்னைப் பார்க்க ஒருவர் திரும்பி வந்தது அந்த ஒரு முறைதான்.